ஆன்சன் டோரன்ஸ்: பயிற்சித் திடலில் எழுதப்பட்ட மதிப்பெண்கள்

934 வெற்றி, 88 தோல்வி, 53 டிரா. அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணியை 1979 முதல் 2023 வரை 45 பருவங்கள் நடத்திய ஆன்சன் டோரன்ஸின் கணக்கு இது. பருவத்துக்குச் சராசரியாக இரண்டு தோல்விகூட இல்லை. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் பட்டங்கள் 21. அந்தப் போட்டி தொடங்குவதற்கு முந்தைய ஆண்டில், 1981-இல், அப்போது பெண்கள் கல்லூரி விளையாட்டை நடத்திய ஏ.ஐ.ஏ.டபிள்யூ. அமைப்பின் பட்டம் ஒன்று. 2024 ஆகஸ்டில், புதிய பருவத்துக்குச் சில நாட்களே இருந்தபோது, ஓய்வு பெறுவதாக அறிவித்தார்.

எண்களைப் பார்த்து மலைத்துப்போவது எளிது. ஆனால் இவற்றை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 1982-இல் நடந்த முதல் என்.சி.ஏ.ஏ. பெண்கள் கால்பந்துப் போட்டியில் கலந்துகொண்டவை 12 அணிகள்தான். 2001-இலிருந்து 64 அணிகள் ஆடுகின்றன. அவருடைய பட்டங்களில் 12, போட்டி நடந்த முதல் 13 ஆண்டுகளிலேயே வந்தவை. களத்தில் ஆளே இல்லாத காலத்தில் ஓடி ஜெயித்தார் என்று சொல்பவர்கள் இதைத்தான் காட்டுவார்கள். பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், அதே காலத்தில் அதே வாய்ப்பு இருந்த மற்ற பல்கலைக்கழகங்கள் எதுவும் இப்படி ஆடவில்லை. 1985 இறுதியாட்டத்தில் ஜார்ஜ் மேசன் 2-0 என்று ஜெயித்ததைத் தவிர, 1982 முதல் 1994 வரை கோப்பை வேறு யார் கைக்கும் போகவில்லை. அதற்கான காரணம் ஆட்ட நாளில் இல்லை. வாரநாள் பயிற்சியில், யாரோ ஒரு மாணவ உதவியாளர் கையில் வைத்திருந்த அட்டையில் இருந்தது.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிட்டால் மற்றவை புரியும். ஒரு வீராங்கனை பொதுவாக நான்கு பருவங்கள்தான் ஆடலாம். அப்படியென்றால் ஆண்டுதோறும் அணியில் கால்வாசி போய்விடும். ஒரு பெண்கள் அணிக்கு முழு ஸ்காலர்ஷிப் 14 என்ற உச்சவரம்பு பல காலம் இருந்தது. அதைத் துண்டு துண்டாகப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கலாம். பருவம் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பர் முதல் வாரங்களில் முடிந்துவிடும். அதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு, நடுவில் இரண்டே நாள் இடைவெளி. தொழில்முறைக் கால்பந்தில் இல்லாத ஒரு சலுகையும் உண்டு: ஆளை மாற்றுவதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது. முதல் பாதியில் வெளியே வந்தவர் அந்தப் பாதியில் திரும்ப இறங்க முடியாது. இரண்டாம் பாதியில் வெளியே வந்தால் ஒருமுறை திரும்ப இறங்கலாம். இந்த ஒரு விதியை டோரன்ஸ் அளவுக்கு வேறு யாரும் பிழிந்தெடுத்ததில்லை.

அவர் பிறந்தது 1951-இல், பம்பாயில். தந்தை எண்ணெய்த் தொழிலில் இருந்ததால் இந்தியா, கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று வளர்ந்தார். வட கரோலைனாவில் ஆங்கிலமும் தத்துவமும் படித்து, அங்கேயே கால்பந்தும் ஆடினார். 1977 பருவத்திலிருந்து ஆண்கள் அணியின் பயிற்சியாளர். சட்டப் படிப்பு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடியவே இல்லை. 1979-இல் பெண்கள் கிளப் அணி ஒன்று தங்களையும் பல்கலைக்கழக அணியாக ஏற்க வேண்டும் என்று கேட்டது. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் நைன்’ சட்டம் 1972-லேயே வந்துவிட்டதால் அந்தக் கோரிக்கையைத் தட்டிக்கழிக்க முடியாத காலம். விளையாட்டுத் துறை இயக்குநர் பில் கோபி, போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல் என்று டோரன்ஸை அனுப்பினார். பார்த்தவரிடமே பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1988 வரை இரண்டு அணிகளையும் அவரே நடத்தினார். ஆண்கள் அணியையும் 1987-இல் தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் கொண்டுபோய் நிறுத்தியவர் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

அதே பல்கலைக்கழகத்தில் கூடைப்பந்துக்கு டீன் ஸ்மித் இருந்தார். மைக்கேல் ஜோர்டானின் கல்லூரிப் பயிற்சியாளர். ஸ்மித்தின் பயிற்சி வேளைகளைப் பார்த்த டோரன்ஸைப் பிடித்துக்கொண்டது ஒரு விஷயம். திடலோரத்தில் மேனேஜர்கள் என்று அழைக்கப்படும் மாணவ உதவியாளர்கள் நின்று, யார் எத்தனை ஷாட் போட்டார், எந்தப் பயிற்சியில் யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பயிற்சி முடிவில் அந்தக் கணக்குக்கு விளைவும் இருந்தது: தோற்றவர் ஓட வேண்டும். டோரன்ஸ் இதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ‘காம்பெடிட்டிவ் கால்ட்ரன்’, போட்டிக் கொப்பரை, என்று அதற்குப் பெயர் விழுந்தது.

செய்வது இவ்வளவுதான். பயிற்சியில் எதைச் செய்தாலும் அதற்கு ஒரு முடிவு இருக்க வேண்டும்: ஒருவருக்கு ஒருவர் மோதல், தலையால் முட்டுதல், ஷூட்டிங், நெடுந்தூர உதை, வேக ஓட்டம், தாங்குதிறன் சோதனை, சிறு அணி ஆட்டம். ஒவ்வொன்றின் முடிவும் பதிவாகும். ஒவ்வொன்றுக்கும் தனித் தரவரிசை உண்டு. எல்லாம் சேர்ந்த தரவரிசையும் உண்டு. பட்டியல் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். முதலிடத்தில் இருப்பவர் பெயரும் தெரியும், கடைசியில் இருப்பவர் பெயரும் தெரியும். இன்று ஜி.பி.எஸ். உள்ளாடை போட்டு ஓடும் காலத்தில் இது சாதாரணமாகத் தோன்றலாம். 1980-களின் தொடக்கத்தில் பெண்கள் விளையாட்டில் இப்படி ஒரு பலகை தொங்கியது சாதாரணம் இல்லை. தோழியைத் தோற்கடித்தால் உறவு கெடும் என்று தயங்கும் அணிக்குள் போட்டியை இயல்பானதாக்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன நோக்கம். நான் முட்டி மோதுவது உன்மேல் உள்ள கோபத்தால் இல்லை, பலகைக்காக என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு கிடைத்தது. அந்தச் சாக்குதான் முக்கியம்.

இதை வேறொரு கல்லூரி அணியில் செய்து பார்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பலகையை மட்டும் நகலெடுக்கிறார்கள். ஒரு மாதத்தில் கைவிடுகிறார்கள். காரணம் கணக்கில்தான் இருக்கும். ஒருவருக்கு ஒருவர் மோதலையே எடுத்துக்கொள்வோம். 24 பேர் இருந்தால் ஆறு பேராக நான்கு குழு பிரிக்கலாம். ஒவ்வொரு குழுவுக்கும் 20 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்தில் மூன்று கட்டங்கள். இரு முனையிலும் இரண்டு மீட்டர் அகலத்தில் கோன் வைத்த கோல். குழுவுக்குள் எல்லோரும் எல்லோருடனும் மோத வேண்டும்: 15 மோதல், ஐந்து சுற்று, ஒருவருக்கு ஐந்து. ஒரு சுற்று ஒரே நிமிடம். நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. மொத்தம் 13 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓய்வைக் குறைத்தால் நான்காவது சுற்றுக்கு மேல் அது டிரிப்ளிங் பயிற்சியாக இருக்காது, மூச்சுத் திணறல் போட்டியாகிவிடும். பதிவாவது திறமை ஆகாது. பந்து வெளியே போனால் எடுத்து வர ஓடக் கூடாது, கட்டத்துக்கு இரண்டு பந்து வேண்டும். ஒரு நிமிட ஆட்டத்தில் பத்து விநாடி பந்து பொறுக்கினால் போச்சு. எழுத ஆள் போதாது என்றால் முடிவைத் தோற்றவர் வந்து சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஜெயித்தவர் சொன்னால் தகராறு வரும்.

சிறு அணி ஆட்டத்தில்தான் பெரிய சறுக்கல் நேரும். ஆறு அணி, அணிக்கு நால்வர், எட்டு நிமிட ஆட்டம், வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்று வைத்து, கூட்டாளிகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் நல்ல தோழியுடன் சேர்ந்தவர் மேலே போவார், அவ்வளவுதான். ஒரு பயிற்சி வேளைக்கு மூன்று ஆட்டம், வாரத்துக்கு நான்கு வேளை என்றால் 12 முடிவுகள். இந்தப் 12-ஐ வைத்து யாரையும் எடை போடக் கூடாது. 30 முடிவு சேர்ந்த பிறகும் வெற்றி விகிதத்தில் பத்து சதவீதம் வரை இங்குமங்கும் ஆடுவது வெறும் அதிர்ஷ்டமாக இருக்கலாம். முதல் வாரத்துப் பட்டியலைப் பார்த்து முதல் ஆட்டத்துக்கு அணி போடும் பயிற்சியாளர் காசைச் சுண்டிவிட்டே முடிவெடுக்கலாம், நேரமாவது மிச்சமாகும். அதேபோல மொத்தப் புள்ளியை எண்ணக் கூடாது, சராசரியை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கணுக்கால் சுளுக்கி ஒரு வாரம் உட்கார்ந்தவர் பட்டியலின் அடிக்குப் போய்விடுவார். சுளுக்கை மறைத்துக்கொண்டு பயிற்சிக்கு வரவும் ஆரம்பிப்பார். அது எங்கே போய் முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு குறை எடையைப் பற்றியது. அளக்க எளிதானவை எல்லாம் வேகமும் வலிமையும்தான். ஓட்டத்தில் பதினைந்தாவது இடத்தில் இருக்கும் மிட்ஃபீல்டர் ஒருத்தி, எந்த அணியில் போட்டாலும் அந்த அணி ஜெயிக்கிறது என்றால் அவள்தான் ஆட்டத்தை நடத்துகிறாள் என்று பொருள். எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே எடை கொடுத்துக் கூட்டினால் அவள் காணாமல் போவாள். ஆட்ட முடிவுகளுக்குக் கூடுதல் எடையும் ஓட்டச் சோதனைகளுக்குக் குறைந்த எடையும் இருக்க வேண்டும்.

ஓட்டச் சோதனை என்றதும் வட கரோலைனாவின் ‘ஒன் ட்வென்டீஸ்’ நினைவுக்கு வரும். அமெரிக்கக் கல்லூரி அணிகள் பலவும் பின்னால் எடுத்துக்கொண்ட சோதனை இது. 120 கெஜத்தை, அதாவது ஏறக்குறைய 110 மீட்டரை, 18 விநாடிக்குள் ஓட வேண்டும். 30 விநாடிக்குள் மெதுவோட்டமாகத் தொடக்கக் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். 30 விநாடி நிற்கலாம். இப்படிப் பத்து முறை. எல்லாம் சேர்த்து 13 நிமிடம். 18 விநாடி என்று கேட்கும்போது பெரிதாகத் தெரியாது. முதல் மூன்றை 16 விநாடியில் பறந்து முடித்தவர்கள்தான் ஏழாவதில் விழுவார்கள். 17.5-ஐ ஒட்டியே பத்தையும் ஓடத் தெரிந்தவர் தப்புவார். கோடை முழுக்கத் தனியாக ஓடிப் பழகாமல் ஆகஸ்ட் வெயிலில் முதல்முறை முயல்பவருக்குத் தொடைப் பின்தசை பிடித்துக்கொள்ளும். அதனால்தான் விடுமுறைக்கு முன்பே கோடைக்கான ஓட்ட அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். சோதனை உண்மையில் அளப்பது, யாரும் பார்க்காத ஜூலை மாதத்தை.

இவ்வளவு ஓட்டம் எதற்கு? டோரன்ஸின் ஆட்டமுறைக்கு. பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர்: 3-4-3. எதிரணியின் டிஃபெண்டர் காலில் பந்து இருக்கும்போதே முன்வரிசை மூவரும் பாய்வார்கள். நடுவில் இருப்பவர் பந்தைத் துரத்துவார், ஓரத்தில் இருப்பவர் அடுத்த பாஸின் வழியை மறிப்பார். பந்தை உருட்டி மேலே கொண்டுவர விடவே மாட்டார்கள். எதிரணிக்கு மிஞ்சுவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட உதை. அந்த உதை மூன்று டிஃபெண்டர்களின் தலைக்கு மேல் வந்து விழும். அவர்கள் பெரும்பாலும் ஒருவருக்கு ஒருவராக நின்று தடுத்தாக வேண்டும், உதவிக்கு ஆள் வராது. இங்கேதான் பயிற்சித் திடலின் மோதல் கணக்கு பயன்படுகிறது. அந்த மூன்று இடங்களுக்கு மோதல் பட்டியலில் மேலே இருப்பவர்களை நிறுத்தாவிட்டால் 3-4-3 ஆட முடியாது, வாரம் நான்கு கோல் வாங்க வேண்டியதுதான்.

முன்வரிசையின் பிரச்சினை வேறு. இப்படிப் பாய்ந்து பாய்ந்து ஓடினால் 25 நிமிடத்துக்குமேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. தொழில்முறைப் பயிற்சியாளர் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பார். டோரன்ஸ் முன்வரிசை முழுவதையும் வெளியே எடுத்து, புதிய மூவரை இறக்குவார். களைத்துப்போன எதிரணி டிஃபெண்டர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் புத்தம்புதுக் கால்கள் வந்து மறுபடி துரத்தும். பாதி முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணி செய்யும் தவறுகளில்தான் அவருடைய பல கோல்கள் பிறந்தன. இதற்குத் தரமான ஆட்கள் இருபது பேராவது வேண்டும். பெஞ்சில் இருப்பவர் தான் பெஞ்ச் என்று நினைத்துச் சோர்ந்துவிடக் கூடாது. பலகை அதற்கும் விடை சொல்லியது: ஏன் நான் முதல் பதினொருவரில் இல்லை என்ற கேள்விக்குப் பயிற்சியாளரின் மனம் காரணமில்லை, எண் காரணம். எண் மாறினால் இடமும் மாறும்.

1986-லிருந்து 1990 வரை தொடர்ந்து 103 ஆட்டங்களில் அவர் அணி தோற்கவில்லை. கனெக்டிகட் 3-2 என்று கூடுதல் நேரத்தில் அந்தத் தொடரை முறித்தது. அதே பருவத்தின் இறுதியாட்டத்தில் அதே கனெக்டிகட்டை 6-0 என்று வீழ்த்தினார்கள். பிறகு தொடர்ந்து 92 வெற்றி. 1994-இல் நோட்டர் டேமுடன் 0-0 என்று முடிந்த ஆட்டத்தில் அது நின்றது.

இடையில் 1986-லிருந்து 1994 வரை அமெரிக்கத் தேசிய அணிக்கும் அவரே பயிற்சியாளர். கல்லூரிக் கால்பந்தின் சலுகைகள் இல்லாத இடத்தில் இந்த முறை எடுபடுமா என்பதற்கு 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை விடை. 18 பேர் கொண்ட அணியில் ஒன்பது பேர் வட கரோலைனாவின் ஆட்கள். கேப்டன் ஏப்ரல் ஹைன்ரிக்ஸ், மிட்ஃபீல்டில் ஷானன் ஹிக்கின்ஸ், இன்னும் 20 வயதே ஆகாத மியா ஹாம், அவரைவிட எட்டு மாதம் மூத்த கிறிஸ்டின் லில்லி. ஆனால் கோல் அடித்துத் தள்ளிய மிஷெல் ஏக்கர்ஸ் மத்திய புளோரிடா பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். அதே 3-4-3. குவாங்சோவில் நார்வேயுடன் இறுதியாட்டம், ஆட்ட நேரம் அந்தப் போட்டியில் 80 நிமிடம்தான். 1-1 என்று இருந்தபோது, 78-ஆவது நிமிடத்தில், நீண்ட பந்து ஒன்றைத் துரத்தி வந்த ஏக்கர்ஸின் அழுத்தத்தில் நார்வே டிஃபெண்டர் கோல்கீப்பருக்குப் பின்பாஸ் கொடுத்தார். பந்து கோல்கீப்பருக்குப் போய்ச் சேரவில்லை. ஏக்கர்ஸ் குறுக்கே பாய்ந்து எடுத்து, கோல்கீப்பரைத் தாண்டி, காலி வலைக்குள் தட்டினார். 2-1. அந்த ஒரு கோலில் டோரன்ஸின் ஆட்டமுறை மொத்தமும் இருக்கிறது: உதை, துரத்தல், பதற்றத்தில் எதிரணி செய்யும் தவறு. பந்தை அழகாகக் கோத்து ஆடும் முறையை விரும்புபவர்களுக்கு இது பிடிக்காது. பிடிக்காமல் இருப்பதிலும் நியாயம் உண்டு.

பலகை மட்டும் இருந்திருந்தால் அந்த அணி இரண்டே ஆண்டில் ஒருவரையொருவர் கடித்துக் குதறியிருக்கும் என்றே நினைக்கிறேன். அதைப் பிடித்து நிறுத்தியவை வேறு சில ஏற்பாடுகள். ஒவ்வொரு வீராங்கனையுடனும் ஆண்டுக்கு மூன்று தனிச் சந்திப்பு: பருவத்துக்கு முன், பருவம் முடிந்தபின், வசந்த காலப் பயிற்சியின்போது. வருபவர் முதலில் தன்னைத் தானே மதிப்பிட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். பிறகு பலகையின் எண்களை எதிரில் வைத்துப் பேச்சு. தன் கணிப்புக்கும் எண்ணுக்கும் இடையில் உள்ள தூரம்தான் உரையாடலின் பொருள். அடுத்து, அணியின் அடிப்படை விழுமியங்கள் என்று ஒரு பட்டியல். புலம்ப மாட்டோம், கடினமாக உழைப்போம் என்ற வகையில் நீளும். ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கியப் பகுதியை இணைத்திருந்தார். வீராங்கனைகள் அவற்றை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் படித்தவரின் ஆசை என்று தோன்றலாம். ஆனால் அதோடு நிற்கவில்லை: அந்த விழுமியங்களில் ஒவ்வொரு தோழிக்கும் ஒவ்வொருவரும் மதிப்பெண் போட்டார்கள். சராசரி பயிற்சியாளர் கைக்கு வரும். திடலில் முதலிடம், தோழிகள் மதிப்பீட்டில் கடைசி இடம் என்று ஒருத்தி இருந்தால் தனிச் சந்திப்பு நீளும்.

கடைசி ஆண்டு மாணவிகளுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுதி, பெரிய ஆட்டத்துக்கு முன் அணிக்குப் படித்துக் காட்டும் வழக்கமும் அவரிடம் இருந்தது. அந்தக் கடிதத்தில் கோல் கணக்கு இருக்காது. அவள் எப்படிப்பட்டவள் என்பதே இருக்கும்.

ஆண், பெண் அணிகள் இரண்டையும் பத்துப் பருவங்கள் ஒன்றாக நடத்தியவர் என்பதால் அந்த வேறுபாட்டைப் பற்றி அவர் நிறையப் பேசியிருக்கிறார். பொதுவாகத் திட்டினால் ஆண்கள் ஒவ்வொருவரும் ‘என்னைச் சொல்லவில்லை’ என்று நினைப்பார்கள், பெண்கள் ஒவ்வொருத்தியும் ‘என்னைத்தான் சொல்கிறார்’ என்று நினைப்பார்கள். ஆகவே ஆண்களுக்கு வீடியோ ஆதாரம் வேண்டும், பெண்களுக்கு வேண்டாம் என்பது அவர் கருத்தின் சாரம். ஒரு காலத்தில் பயிற்சியாளர்கள் இதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள். இன்றைய 18 வயதுப் பெண் பத்து வயதிலிருந்து தன் ஆட்டத்தை வீடியோவில் பார்த்து வளர்ந்தவள். அவளிடம் வீடியோ காட்டாமல் இருப்பது தயவு ஆகாது, வேலையில் குறை.

இந்த நெருக்கத்துக்கு ஒரு கறுத்த பக்கமும் உண்டு, அதை ஒதுக்கிவிட்டு அவர் மரபைப் பற்றி எழுத முடியாது. 1998-இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், அணியினரின் பாலியல் வாழ்க்கை பற்றிய தகாத பேச்சுகளில் அவர் ஈடுபட்டார் என்று வழக்குத் தொடுத்தார்கள். துன்புறுத்தல் குற்றச்சாட்டை அவர் மறுத்தார். அப்படிப்பட்ட கேலிப் பேச்சுகளில் கலந்துகொண்டதை ஒப்புக்கொண்டார். ஒருவருடைய வழக்கு 2004-இல் 70,000 டாலருக்கும் மன்னிப்புக்கும் சமரசமானது. மற்றவருடையதைக் கீழ்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2007-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு அதை மாற்றி, வழக்கு விசாரணைக்குப் போகலாம் என்றது. 2008-இல் 3,85,000 டாலருக்குச் சமரசம், அதோடு டோரன்ஸின் மன்னிப்புக் கடிதம். பல்கலைக்கழகமும் தன் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிகளை மறுஆய்வு செய்ய ஒப்புக்கொண்டது.

எல்லாவற்றையும் அளந்து எழுதிய ஓர் அமைப்பில், பயிற்சியாளரின் பேச்சை அளக்க ஒரு கட்டம் இல்லை. ஆடும் நேரம், ஸ்காலர்ஷிப், தேசிய அணிக்கான வாய்ப்பு மூன்றும் ஒரே மனிதர் கையில். தேசிய அணிக்கு அவரே பயிற்சியாளராக இருந்த ஆண்டுகளில் இது இன்னும் கூடுதல். தனிச் சந்திப்பு அவருடைய மிகச் சிறந்த கருவி. கதவை மூடிக்கொண்டு ஒரே ஒருவர் பேசும் சந்திப்பாக அதை யாரும் இன்று நகலெடுக்கக் கூடாது. உதவிப் பயிற்சியாளர் ஒருவர் உடன் இருக்க வேண்டும், அறைக் கதவு திறந்திருக்க வேண்டும், பேச்சுப் பொருள் முன்கூட்டியே தாளில் இருக்க வேண்டும், புகார் சொல்ல அணிக்கு வெளியே ஓர் ஆள் இருக்க வேண்டும்.

2012 பட்டம்தான் அவருடைய கடைசி. கிரிஸ்டல் டன் உள்ளிட்டோர் ஜப்பானில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்குப் போயிருந்ததால் பருவத்தின் தொடக்கத்தில் அணி தடுமாறியது. ஐந்து ஆட்டங்களில் தோற்ற அதே அணி இறுதியில் பென் ஸ்டேட்டை 4-1 என்று வென்றது. அதன்பின் மூன்று இறுதியாட்டங்கள், மூன்றும் கைநழுவின. 2018-இல் புளோரிடா ஸ்டேட்டிடம் 1-0. 2019-இல் ஸ்டான்போர்டுடன் கோலே இல்லாமல் போய், பெனால்டியில் தோல்வி. 2022-தான் கொடுமை: யு.சி.எல்.ஏ.-வுக்கு எதிராகப் பத்தே நிமிடம் மிச்சமிருக்க 2-0 என்று முன்னிலை. 80-ஆவது நிமிடத்தில் ஒரு கோல், ஆட்டம் முடிய 16 விநாடி இருக்கும்போது இன்னொன்று, கூடுதல் நேரத்தில் மூன்றாவது.

ஏன் இப்படி ஆனது? வயதாகிவிட்டது என்பது சோம்பேறித்தனமான விடை. இறுதியாட்டம் வரை வந்துகொண்டேதான் இருந்தார். மற்றவர்கள் பந்தைக் கையாளக் கற்றுக்கொண்டார்கள் என்பதே முதல் காரணம். முன்வரிசை பாய்ந்து வரும்போது பதறாமல் மூன்று பாஸில் வெளியேறத் தெரிந்த டிஃபெண்டர்களும் காலால் ஆடத் தெரிந்த கோல்கீப்பரும் இருந்தால், பாய்ந்து வந்த மூவரும் ஆட்டத்திலிருந்து கழன்றுவிடுகிறார்கள். ஸ்டான்போர்டும் புளோரிடா ஸ்டேட்டும் அப்படித்தான் அணி கட்டின. இரண்டாவது, நல்ல ஆட்கள் நான்கு ஆண்டு தங்குவதில்லை. 2024-இல் தொழில்முறை லீக்கின் அணிகள் புதிய வீராங்கனைகளை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது முதலில் எடுக்கப்பட்டவர் அல்லி சென்ட்னர், இரண்டாவதாக ஒரே பருவம் ஆடிய சேவி கிங். இருவரும் வட கரோலைனா. மூன்றாவது, ஒரு ஆண்டு உட்கார வேண்டிய தண்டனை இல்லாமல் கல்லூரி மாற இப்போது வழி இருக்கிறது. பலகையில் பதினெட்டாவது இடத்தில் பெயர் வந்தால் முன்பு ஜூலையில் ஓடினார்கள். இப்போது வேறு கல்லூரியின் தொலைபேசி எண்ணைத் தேடலாம்.

அவரிடம் பயின்றவர்கள் போன தூரம் பெரிது. லில்லி 354 சர்வதேச ஆட்டங்கள் ஆடி உலகச் சாதனை வைத்திருக்கிறார். ஹைன்ரிக்ஸ் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கித் தந்த பயிற்சியாளர். சிண்டி பார்லோ கோன் 2020-இல் அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவரானார். 2022-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் லூசி பிரோன்ஸ், அலெசியா ருஸ்ஸோ, லாட்டி வப்பன்-மாய் மூவரும் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லில் ஆடியவர்கள். பிரோன்ஸ் 2009-இல் ஒரே பருவம் ஆடி, பட்டத்தோடு திரும்பினார். சேப்பல் ஹில்லில் பழைய ஃபெட்சர் ஃபீல்டு இருந்த இடத்தில் கட்டி 2019-இல் திறந்த மைதானத்துக்கு டோரன்ஸ் ஃபீல்டு என்று பெயர்.

2024 ஆகஸ்டில் அவர் விலகியதும் உதவியாளராக இருந்த டேமன் நஹாஸ் இடைக்காலப் பொறுப்பேற்றார். பாதி அணி புதுமுகம். டிசம்பரில், கேரி நகரில், வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று கோப்பையை எடுத்தார்கள். 12 ஆண்டு காத்திருப்பு அவர் போன நான்காம் மாதத்தில் முடிந்தது. நஹாஸ் நிரந்தரப் பயிற்சியாளரானார்.

அவருக்கு இனி வரும் சிக்கல் வேறு. 2025-இலிருந்து ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கான வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது: என்.சி.ஏ.ஏ. மீதான வழக்கின் சமரசமாக வந்த புதிய ஒப்பந்தத்தை ஏற்ற பல்கலைக்கழகங்களில் கால்பந்து அணிக்கு 28 பேர். 28-இல் கோல்கீப்பர்கள் மூவர், காயத்தில் மூவர் என்று கழித்தால் திடலில் நிற்பது 22. முன்வரிசை மூவரை மொத்தமாக மாற்றும் ஆட்டத்துக்கு இது போதும், ஆனால் இறுக்கமாகத்தான் போதும். அக்டோபரில் இன்னும் இருவருக்குக் காயம் பட்டால் மாற்ற ஆள் இருக்காது. பலகைக் கணக்கையும் திருத்த வேண்டும். ஆறு பேர் குழு நான்கு இனி அமையாது. ஆறு, ஆறு, ஐந்து, ஐந்து என்று பிரிக்கலாம். ஐவர் குழுவில் சுற்றுக்கு ஒருவர் சும்மா நிற்பார், ஐந்து சுற்றில் ஒவ்வொருவருக்கும் நான்கே மோதல் கிடைக்கும். நேரம் அதே 13 நிமிடம்தான்.